‘இதர’ என்ற கட்டத்தில் எங்களைப் போட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்ப் பொது அரங்கத்தை வாடகைக்கு விடும் அலுவலருக்கும், அதன் வாடகைப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட குழுவினருக்கும்,

உங்கள் பதவிப் பெயரை நான் எழுதவில்லை. எங்கள் விண்ணப்பம் உள்ளே போன நாளிலிருந்து அந்த நாற்காலியில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். கோப்பு மட்டும் அதே அலமாரியில் இருக்கிறது. இப்போது உட்கார்ந்திருப்பவர் மேல் எனக்குத் தனியாக வருத்தம் ஏதுமில்லை. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

நடந்தது இது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஓவியர்களும் சிற்பிகளுமாக ஒன்பது பேர், தாங்கள் செய்தவற்றை ஐந்து நாள் மக்கள் பார்வைக்கு வைக்க அரங்கம் கேட்டார்கள். மனு எழுதியது நான். அவர்களில் எழுத்து அழகாக வருபவர் எவருக்கும் மனு எழுத வராது. உங்கள் படிவத்தில் ‘கண்காட்சியின் வகை’ என்று ஓர் இடம், அதன் கீழே நான்கு கட்டங்கள்: ஜவுளி, மரச்சாமான், வீட்டு உபயோகப் பொருள், இதர. நான் எதிலும் டிக் அடிக்காமல் ஓரத்தில் ‘ஓவியம், சிற்பம்’ என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த தம்பி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு பீஸ் என்ன ரேட்டுங்க?”

“ரேட்டு இல்லீங்க. பார்க்கறதுக்குத்தான் வைக்கறோம்.”

“பார்த்துட்டு வாங்குவாங்கல்ல?”

“வாங்கினா சந்தோஷம்தாங்க.”

அந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். அவர் ‘இதர’வில் டிக் அடித்துவிட்டார்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. விற்பனைக் கண்காட்சிக்கான கட்டணம், நாளொன்றுக்கு 8,500 ரூபாய். ஐந்து நாளுக்கு 42,500. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 7,650. ஆக 50,150 ரூபாய். டெபாசிட் 20,000 தனி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது. கடைசியில் ஒரு வரி: ‘இனி வரும் விண்ணப்பங்களுக்கும் இதே வகைப்பாடு பின்பற்றப்படும்.’ அந்த வரிக்காகத்தான் இந்த மடல். ஒரு தடவை கட்டணம் கூடிப்போனால் கைமாற்று வாங்கியாவது கட்டிவிடலாம். ‘இனி’ என்று எழுதிவிட்டால் சும்மா இருக்க முடியாது. போன தடவை ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில் நடத்தினோம். மூன்று நாளில் விற்றது நான்கு படம். மொத்தம் 23,000 ரூபாய். தள்ளுபடிப் புடவை விற்பவர் ஒரே மதியத்தில் பார்த்துவிடுகிற தொகை அது. அவருக்கும் எங்களுக்கும் ஒரே பட்டியல் என்கிறீர்கள்.

நான் ஓவியன் இல்லை. கிருஷ்ணகிரியில் படங்களுக்கு பிரேம் போடும் சின்னக் கடை வைத்திருக்கிறேன், 22 வருடமாக. பிழைப்பு ஓடுவது சாமி படத்திலும், கல்யாண போட்டோவிலும், மாலை போடுகிற படத்திலும். ஓவியர்களோடு பழக்கம் வந்தது ஒரு தப்பினால். காவேரிப்பட்டணத்து அக்கா ஒருவர் செய்தித்தாளில் சுற்றி ஓர் அச்சுப் படம் கொண்டுவந்தார், லினோ என்கிற ரப்பர் போன்ற தகட்டில் வெட்டி அச்செடுத்தது. நான் சாமி படத்துக்குப் போடுவது போலவே கண்ணாடியைத் தாளின் மேல் நேராக வைத்து, பின்னால் ஹார்ட்போர்டை அழுத்தி ஆணி அடித்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஆடியில் அந்த மையெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அக்கா சண்டை போடவில்லை. பிரேமைக் கழற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை ஏன் வேண்டும், காற்றுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று என் கடை மேஜையிலேயே வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அந்த வெட்கத்தில், அடுத்த படத்தை அவர் கொண்டுவருவதற்கு முன் நானே அவர் வீட்டுக்குப் போனேன். அன்று தொடங்கிய அலைச்சல். இன்னும் முடியவில்லை.

நீங்கள் அந்த இடங்களுக்கு வந்ததில்லை. வந்திருந்தால் அந்த நான்கு கட்டத்தில் ஒன்றை அழித்து எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் ஸ்டுடியோ அவருடைய சமையல் மேடைதான். கும்பகோணத்தில் கவின்கலை படித்தவர். ராத்திரி பாத்திரம் கழுவி மேடையைத் துடைத்த பிறகுதான் லினோத் தகட்டை எடுப்பார். அச்சு இயந்திரம் கிடையாது. மை தடவிய தகட்டின் மேல் தாளைப் போட்டு, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுக்கிறார். ஒரு பிரதிக்கு முக்கால் மணி நேரம். காவேரிப்பட்டணம் அங்காளம்மன் கோயிலின் மயானக் கொள்ளைத் திருவிழாவை அவர் பத்து அச்சுகளாகச் செய்திருக்கிறார். கூட்டத்தின் கருப்பு, அதற்குள் ஒரே ஒரு வேஷக்காரரின் நாக்கு மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புக்குத் தனித் தகடு. ஒரு நூல் விலகினாலும் தாள் குப்பைக்குப் போகும். அப்படி விலகிப்போன தாள்களை வைத்துத்தான் அவர் பையன் கணக்கு போட்டுப் பார்க்கிறான்.

பர்கூர்ப் பக்கத்து நண்பர் மாமல்லபுரத்தில் சிற்பம் படித்துவிட்டு வந்தவர். கிரானைட் பாலிஷ் பட்டறை ஒன்றின் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். பட்டறையில் அறுத்தது போக மிஞ்சும் துண்டுக் கல் அவருக்கு வரும். அலை அலையாய்க் கோடு ஓடுகிற பாரடைசோ துண்டுகளை அவர் தொடுவதே இல்லை. “அதுவே பாதி படம் போட்டுட்டு வருதுங்க, எனக்கு என்ன வேலை” என்பார். கருங்கல்தான் அவருக்கு வேண்டும். தூசி எழாமல் இருக்க ஒரு கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிரைண்டர் பிடிப்பார். செத்த வீரர்களுக்கு நட்டு, நம் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடுகிற வயல்வரப்புக் கற்களைத் தேடித் தேடிப் பார்ப்பவர். தருமபுரி அருங்காட்சியகத்தின் நடுகற்கள் முன்னால் என்னை ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்தார். “கல்லுல எவ்வளவு கம்மியா தோண்டியிருக்கான் பாருங்க. அதுக்குள்ள வில்லு, கத்தி, ஆளோட கோபம் எல்லாம் வந்துடுச்சு.” அவர் செய்வதும் அப்படிப்பட்ட கற்கள்தான். வீரனுக்குப் பதிலாக லாரி டிரைவர், கிணற்றில் விழுந்து செத்த கூலியாள், ஷிப்ட் முடிந்து தூங்கும் பெண். இவற்றை எந்த வீட்டு வரவேற்பறையில் யார் வாங்கி வைப்பார்கள்? ‘விற்பனை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

பாலக்கோட்டு நண்பர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். 2012-இல் 5,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்த கூட்டத்தில் ஒருவர். பல வருடம் மே மாதச் சம்பளம் கிடையாது. வாட்டர்கலர் ஆள். மொட்டை மாடியில் காலை எட்டு மணிக்குள் முடித்தாக வேண்டும். வெயில் ஏறினால் வண்ணம் பரவுவதற்குள் காய்ந்துவிடும். தக்காளி மண்டியைத் திரும்பத் திரும்ப வரைகிறார். விலை விழுந்த நாளில் சாலையோரம் கொட்டிப்போன தக்காளியை அவர் வரைந்த படத்துக்குத்தான் நான் இதுவரை போட்ட பிரேம்களிலேயே நல்ல பிரேம் போட்டேன். அதற்குக் காசு வாங்கவில்லை என்பது என் மனைவிக்கு இந்த மடலைப் படித்தால்தான் தெரியும்.

ஊத்தங்கரைப் பக்கத்துப் பெரியவர் கூத்துக் கட்டை செய்கிறவர். கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில். விடிய விடிய ஆடுகிறவன் தலையில் கனம் தெரியக் கூடாது என்பதற்காக அந்த மரம். மேலே ஜிகினாத் தாள், கண்ணாடிச் சில்லு. பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில், துரியோதனன் விழுந்து சாகும் படுகளத்துக்கு மண்ணால் துரியோதனனைப் படுக்கவைப்பதும் அவர்தான். அத்தனை பெரிய உருவம், ஒரே பகல்தான் அதற்கு ஆயுள். மாலைக்குள் மண்ணாகிவிடும். அவர் என்னிடம் ஒரு தடவை சொன்னார்: “நான் செஞ்ச கிரீடத்த ஆயிரம் பேரு பார்த்திருக்காங்க தம்பி. எல்லாம் ராத்திரியில, தூரத்துல இருந்து. பகல்ல, கிட்ட வந்து ஒருத்தரும் பார்த்ததில்ல.” பந்திக் கூடத்தில் முதல் நாள் அந்தக் கிரீடத்தை மேஜை மேல் வைத்தபோது, அவர் அதற்கு எதிரே நாற்காலி போட்டுச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

மீதி ஐந்து பேரையும் எழுதலாம், பக்கம் போதாது. ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவரை உங்களுக்கும் தெரியும். போர்டு எழுதுகிறவர். கடைப் பலகை, லாரி முகப்பு, கட்சிச் சுவர், சினிமாத் தட்டி என்று நூல் அடித்துக் கோடு போட்டு எழுதிக் கொண்டிருந்தவர். பிளக்ஸ் வந்து அவர் பிழைப்பைச் சுருட்டிப் போட்டது. இப்போது அவருக்கு வேலை கொடுப்பது பெரும்பாலும் அலுவலகங்கள்தான். கொசு ஒழிப்பு, மழைநீர்ச் சேமிப்பு, வாக்களிப்போம் வாருங்கள். பாலத்துக்கு அடியிலும் பள்ளிச் சுற்றுச்சுவரிலும் நீங்கள் கடந்து போகிற படங்களில் பாதி அவர் கை. கூலி வரத் தாமதமாகும், வந்துவிடும். ஆனால் ஓரத்தில் பெயர் எழுதக் கூடாது என்பது உத்தரவு. படம் காய்ந்த மறுவாரம் அதன் மேல் பிறந்தநாள் போஸ்டர் ஒட்டுவதற்கு மட்டும் உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. பாலக்கோட்டு ஆசிரியரும் விடுமுறையில் பள்ளிச் சுவர்கள் வரைந்திருக்கிறார், டீக்கும் சான்றிதழுக்கும். அந்தச் சான்றிதழுக்கு பிரேம் போட்டதும் நான்தான்.

அதாவது, உங்கள் சுவருக்கு வண்ணம் அடிக்க இவர்கள் வேண்டும். இவர்கள் படத்தை மாட்ட உங்கள் சுவர் ஐந்து நாளைக்குக் கூடாது.

அலுவலகத்தில் நேரில் பேசியபோது ஒருவர் கேட்டார், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்: “நம்ம பக்கம் ஓவியம் பார்க்க யாருங்க வர்றா?” நம்ம பக்கத்தில் ஓவியம் புதிது என்று அவர் நினைத்திருக்கக் கூடும். அந்தக் காலத்தில் மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை மேல் மனிதர்களை எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் யாருக்குக் கட்டணம் கட்டினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ராமாயணமும் பாரதமும் இருக்கின்றன, பெரும்பகுதி மங்கிப்போய். ஒரு மாவட்டம் விடாமல் இதை எல்லாம் பெருமையாக மேடையில் பேசுகிறோம். சரி, பழங்கதை வேண்டாம். போன கண்காட்சியின் பார்வையாளர் நோட்டு என்னிடம் இருக்கிறது. மூன்று நாளில் 612 கையெழுத்து. ஷூ கம்பெனி வண்டியில் இறங்கிய பெண்கள் சாயங்காலம் ஆறரைக்கு, யூனிபார்மோடு, வாசலில் நின்று “டிக்கெட் எவ்வளவுங்க?” என்று கேட்டார்கள். இலவசம் என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கோயில் என்று யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே கழற்றினார்கள். தூங்கும் பெண்ணின் கல்லைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி தொடலாமா என்று கேட்டாள். “தொடுங்க, கல்லுதானே” என்றார் சிற்பி. எல்லோரும் தொட்டார்கள். மறுநாள் அவர்களில் நான்கு பேர் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நோட்டில் இருக்கிறது, பார்க்கலாம்.

பார்க்க மட்டும் வைப்பதற்குக் கண்காட்சி என்று பெயர் உண்டா என்றும் கேட்டீர்கள். நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. மல்கோவா, செந்தூரா, நீலம், பெங்களூரா என்று ரகம் எழுதி, தட்டில் அடுக்கி, மேஜைக்கு விரிப்பு போட்டு வைக்கிறார்கள். வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறோம். மண்டிக்கும் அதற்கும் வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாம்பழத்துக்குப் புரிந்துகொண்டதை மனிதன் செய்த பொருளுக்கும் புரிந்துகொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு யோசனையும் சொன்னீர்கள்: கலைஞர்களே சேர்ந்து ஓர் இடம் கட்டிக்கொள்ளலாமே. கட்டியவர்கள் உண்டு. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று, ஓவியர்கள் பாட்டிக் துணி செய்து விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலத்தை உண்டாக்கினார்கள். இன்று நம் ஊரில் பைபாஸை ஒட்டிய நிலம் சென்ட் என்ன விலை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது பேரில் சொந்த வீடு இருப்பவர்கள் மூன்று பேர்.

ஆகவே என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஜனவரியில் பெங்களூரு போகிறார்கள். அங்கே சித்திரகலா பரிஷத்து ஆண்டுக்கு ஒரு நாள் சித்திரச் சந்தை நடத்துகிறது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக. குமாரகிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, சாலை முழுவதையும் ஓவியர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். நமக்கு 90 கிலோமீட்டர். நானும் இரண்டு தடவை கூடப் போயிருக்கிறேன். விடியற்காலை பஸ்ஸில் படங்களைப் போர்வையில் சுற்றி, இரண்டு சீட்டுக்கு நடுவே நிறுத்தி, ஓசூர் வரும் வரை கண்ணாடி உடையாமல் முழங்காலால் தாங்கிக்கொண்டு. அங்கே எங்கள் ஊர் அக்காவின் மயானக் கொள்ளையைப் பார்த்து, ‘இது எந்த ஊர்?’ என்று கன்னடத்தில் கேட்டவரிடம் அவர் ஊர்ப் பெயர் சொன்னார். கேட்டவர் தலையாட்டிவிட்டு ஒரு பிரதி வாங்கினார். அக்காவின் தெருவில் இருப்பவர்களுக்கு அவர் படம் போடுவார் என்பதே தெரியாது. அடுத்த மாநிலம் ஒரு சாலையையே கொடுக்கும்போது, சொந்த ஊர் ஒரு கூடத்துக்கு 50,150 ரூபாய் கேட்கிறது.

அதியமான் பரிசு தரத் தாமதித்தபோது ஔவை வாயில்காவலனைப் பார்த்துப் பாடிவிட்டுக் கிளம்பினாள் என்ற கதை, அவன் ஆண்ட தகடூர்க்காரர்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர்கள் பரிசு கேட்கவில்லை. கிளம்பிப் போகவும் விரும்பவில்லை.

ஆணி விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நானும் கடைக்காரன்; புதுச் சுவரில் ஆணி இறங்கினால் எனக்கும் வயிறு எரியும். அதற்கு வழி உண்டு. சுவரின் மேல் விளிம்பில் ஒரே ஒரு தடவை அலுமினியச் சேனல் ஓட்டிவிட்டால், அதிலிருந்து மெல்லிய கம்பியும் கொக்கியும் தொங்கும். படத்தை ஏற்றலாம், இறக்கலாம். சுவரில் இன்னொரு ஓட்டை விழாது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே, நிற்பவர் கண்ணுக்கு நேராக வர வேண்டும். ஆணி அடித்த காலத்தில் நாம் எல்லாப் படத்தையும் சாமி படம் போல உச்சியில் மாட்டியே பழகிவிட்டோம். உங்கள் அரங்கத்தின் டியூப்லைட்டுகள் கண்ணாடியில் பளிச்சென்று விழுந்து படத்தை மறைக்கும். அதை இடம் மாற்றுவது அரை நாள் வேலை. சேனலுக்கான பொருளும் கூலியும் என் பொறுப்பு. எழுதித் தருகிறேன்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

உங்கள் படிவத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேருங்கள்: ‘கலைக் கண்காட்சி’. அனுமதி இலவசமாக இருந்து, செய்தவரே தன் படைப்பை வைத்தால், அதில் ஒன்றிரண்டு விற்றாலும் அது இந்தக் கட்டத்தில்தான் வரும் என்று தெளிவாக எழுதுங்கள். இலக்கியக் கூட்டத்துக்கும் நாட்டிய அரங்கேற்றத்துக்கும் நீங்கள் வாங்கும் கட்டணம் எதுவோ, அதுவே இதற்கும் இருக்கட்டும். ‘இனி வரும் விண்ணப்பங்களுக்கும்’ என்ற வரியை ரத்து செய்து திருத்திய கடிதம் அனுப்புங்கள்.

ஆண்டுக்கு இரண்டு தடவை, ஐந்து ஐந்து நாள், இரு மாவட்டத்து ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கூத்துக் கைவினைஞர்களுக்கும் அரங்கத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள். ஒதுக்கிய தேதியைப் பயிற்சிக் கூட்டம் என்று சொல்லிக் கடைசி வாரத்தில் பறிக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி நடந்து, அச்சடித்த அழைப்பிதழ் 300 வீணாய்ப் போனது. சேனல் ஓட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுங்கள். உங்கள் பொறியாளர் பக்கத்தில் நிற்கட்டும்.

சுவர்ப்படம் வரைய அழைக்கும்போது சதுர அடிக்குக் கூலி என்ன என்பதை வேலைக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டு, வரைந்தவர் பெயரை எழுத விடுங்கள்.

உங்கள் குழுவில் ஒருவராவது ஒரு நாள் என்னோடு வாருங்கள். பர்கூர்க் கொட்டகை, பாலக்கோட்டு மாடி, காவேரிப்பட்டணத்துச் சமையல் மேடை மூன்றையும் காலையில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் பார்த்துவிடலாம். வண்டி என்னுடையது. சமையல் மேடைக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

பதிலை ஐப்பசி முடிவதற்குள் எழுத்தில் அனுப்புங்கள். முகவரி விண்ணப்பத்தில் இருக்கிறது. கண்காட்சிக்காக பிரேம் போட்டு முடித்த 41 படங்கள் என் கடையில் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. வழி குறுகிப்போய் வாடிக்கையாளர்கள் பக்கவாட்டில் திரும்பி உள்ளே வருகிறார்கள். மழை பிடித்துவிட்டது, ஹார்ட்போர்டு ஈரம் இழுக்க ஆரம்பித்தால் தாளையும் கூடவே இழுத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
பிரேம் கடைக்காரன்,
கிருஷ்ணகிரி